இறங்காத கை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வலது கையைக் காற்றில் நிறுத்திவிட்டு, ஒரு பெரியவர் வாசலுக்கு வந்த விருந்தாளியோடு பேசப் போய்விட்டார். ஹிப்னாடிசம் மனசுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால், நான் அந்தக் கையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். இதைப் பற்றித் தடிமனான புத்தகங்கள் இருக்கின்றன. சிலவற்றை வாங்கிப் படுக்கையில் படித்திருக்கிறேன். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன் என்பதால், அவற்றின் ஆசிரியர்களுக்குத் தொழில் தெரியும் என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் கையை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்ன நினைத்தான் என்று அவர்கள் எழுதவில்லை. அவர்களெல்லாம் கையை உயர்த்தச் சொன்ன பக்கத்து ஆட்கள்.

எழுபதுகளின் கடைசி. கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் குமாஸ்தா. மலாயில் வரும் சுற்றறிக்கைகளை, மலாயில் வேகமாகப் படிக்க முடியாத பழைய அதிகாரிகளுக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதியதைத் தட்டச்சு செய்ய எதிர் மேசையில் ஒரு பெண். இரண்டு வருஷமாக என் பிழைகளை என்னிடம் சொல்லாமலே திருத்திக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் ஒரு பெண்ணிடம் என்ன எதிர்பார்ப்பது? கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று கேன்டீனில் முடிவெடுத்தோம்.

அதில் ஒரு சிக்கல். அவள் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவள் அப்பா பிரிக்பீல்ட்ஸில் சொந்த வீட்டில் இருக்கும், ஓய்வு பெற்ற தலைமை குமாஸ்தா. என் தாத்தா பந்திங் பக்கம் ஒரு தோட்டத்துக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்ட வந்தவர். ரப்பரை அழித்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்டபோது என் அப்பா மரத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். இரண்டு குடும்பமும் பேசுவது தமிழ், கும்பிடுவது முருகன். இருந்தாலும் ரயில்வேயில் அவர்கள் ஆட்கள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவர்கள், எங்கள் ஆட்கள் தண்டவாளத்துக்குக் கல் கொட்டியவர்கள். ஒரே ரயில் என்பதால் ஒரே பெட்டியில் ஏற்றிவிடுவார்களா?

அவள் அப்பா சாதாரண அப்பாவாக இருந்திருந்தால் முடியாது என்று கத்தியிருப்பார். நாங்களும் அதற்கு ஏற்றபடி அழுவதோ ஓடுவதோ ஏதாவது செய்திருப்போம். அவர் முற்போக்குவாதி. முப்பது வருஷமாக சங்கத்து மேடைகளில் தமிழர் எல்லாரும் ஒன்று என்று பேசியவர். அதனால் இல்லை என்ற சொல்லை அவரால் சொல்ல முடியவில்லை. ஓம் என்று யாழ்ப்பாண வழக்கில் ஆமாம் சொல்லவும் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் விஞ்ஞானம் ஒன்று இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஓய்வு பெற்றவர்கள் ஆர்க்கிட் வளர்ப்பார்கள். அவர் தபாலில் பாடம் வரவழைத்து மனோவசியம் படித்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் விக்கலை நிறுத்தியிருக்கிறார். மனைவியின் குறட்டையை நிறுத்தவும் முயன்றிருக்கிறார். அதன் பலனாக அவர் ஹாலில் படுக்க ஆரம்பித்தார்.

"அப்பா ஒங்கள ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொல்றாரு," என்றாள் அவள், தட்டில் இருந்த மீ கோரெங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே. "சாப்பிட்டதுக்கு அப்புறம் உள்ள பாக்கணுமாம்."

"எதுக்குள்ள?"

"ஒங்க ஆழ்மனசுக்குள்ள. நீங்க என்ன உண்மையா விரும்புறீங்களான்னு அங்கதான் தெரியுமாம்."

"அங்க ஒண்ணும் இருக்காதே."

"அதான் எனக்கும் பயமா இருக்கு." அவள் சிரிக்கவில்லை. "கண்ணு மூடுதுன்னா மூடிடுங்க. கை மேல போகுதுன்னா தூக்கிடுங்க. ஆபீஸ்ல பெரியவரு சொன்னா செய்றீங்கல்ல, அதே மாதிரிதான் லா. அப்பா பாஸ் போட்டுட்டா முடிஞ்சிச்சு."

அந்த வாரமே நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்தேன். அது எனக்குத் தைரியம் கொடுத்தது. வசியத்தில் இருப்பவன் தூங்குவதில்லை, எல்லாம் கேட்கும், பிடிக்காததை அவனைச் செய்ய வைக்க முடியாது, நினைத்தால் பொய்யும் சொல்லலாம் என்று அதில் போட்டிருந்தது. தேர்வுத் தாளை முன்கூட்டியே பார்த்துவிட்ட மாணவனின் முகத்தோடு போனேன்.

போய்ச் சேர்ந்தபோது அவள் வீட்டில் இல்லை. கிள்ளானில் இருக்கும் சித்தி வீட்டுக்குக் காலையிலேயே அனுப்பிவிட்டார்களாம். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் இடியப்பமும் சொதியும் ஆட்டிறைச்சிக் குழம்பும் மேசையில் இருக்கும்போது எனக்கு எதுவும் விளங்குவதில்லை. அவள் அம்மா, "இன்னும் கொஞ்சம் போடட்டோ தம்பி?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். அந்த அம்மா என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை என்பதும் பின்னால்தான் ஞாபகம் வந்தது.

சாப்பாடு முடிந்ததும் பெரியவர் ஹால் திரைச்சீலைகளை இழுத்து மூடினார். ஞாயிற்றுக்கிழமையிலும் முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. என்னைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரே பழைய வால்வு ரேடியோ. நிலையம் சரியாக அகப்பட்டால் குறுகும் ஒரு பச்சைக் கண் அதில் உண்டு. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, பச்சை வெளிச்சத்தை மட்டும் விட்டார்.

"இதைப் பாரும் தம்பி. வேறை ஒண்டையும் பார்க்காதையும். கண் பாரமாகுது. ஓம், கண் பாரமாகுது."

எதையும் இரண்டு தடவை சொன்னார். கார்பன் காப்பிப் பழக்கம். குழம்பு பாதி வேலையை முடித்து வைத்திருந்ததால் கண் மூடுவதில் எனக்குச் சிரமம் இல்லை.

"இனி என்ரை குரல் மாத்திரம்தான் கேக்கும். உம்மட வலக்கை பாரமில்லாமப் போகுது. பஞ்சு மாதிரி. அது தானாய் மேலை எழும்புது."

உடனே தூக்கினால் நடிப்பு என்று தெரிந்துவிடும். கௌரவமான ஒரு இடைவெளி விட்டுத் தூக்கலாம் என்று காத்திருந்தேன். அப்போதுதான் சின்னதாக ஒன்று நடந்தது. நான் இன்னும் தூக்கலாம் என்று முடிவு செய்யவில்லை. மணிக்கட்டு கொஞ்சம் அசைந்துவிட்டது. எதிரில் ஒருவர் கொட்டாவி விட்டால் நமக்கும் வருமே, அந்த மாதிரி. சரி, எப்படியும் தூக்கத்தான் போகிறோம் என்று மீதியை நான் பார்த்துக்கொண்டேன். கை தோளுக்கு மேலே போய் நின்றது. எவ்வளவு தூரம் அது போனது, எவ்வளவு தூரம் நான் கொண்டுபோனேன் என்று கணக்குப் பிரிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

"இப்ப நீர் பொய் சொல்ல ஏலாத இடத்திலை இருக்கிறீர்," என்றார் பெரியவர். "குடிப்பீரோ?"

"கல்யாண வீட்டுல கொஞ்சம்," என்றேன், குழறின குரலில். முழுக்க இல்லை என்றால் ஆழ்மனம் நம்பாது.

"என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. புகழ்ந்தால் மேல்மனம் பேசுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார். உண்மையைச் சொன்னால் பஸ் ஏற வேண்டியதுதான். "பயமா இருக்கு," என்றேன். அவர் நாற்காலி திருப்தியாகக் கிறீச்சிட்டது.

"என்ரை மகளை ஏன் கட்ட நினைக்கிறீர்?"

நான் தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது, மூன்று வாக்கியம், நல்ல தமிழ். வாயைத் திறந்தபோது, "அவங்க இருந்தா ஆபீஸ் பிடிக்குது," என்றுதான் வந்தது. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். அந்தக் குரலில் அன்பு கூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

"வடிவாய்க் கேளும். நீர் கண் திறக்கேக்கை, என்ரை மகளிலை உமக்கு அந்த விருப்பம் இராது. ஒரு ஆபீஸ் சிநேகிதம் மாத்திரம் இருக்கும். மனசு லேசாய் இருக்கும். நல்ல சந்தோசமாய்ப் போவீர். உம்மட ஆக்களிலை நல்ல பிள்ளையொண்டைப் பார்ப்பீர்."

இரண்டு தடவை சொன்னார்.

ஆக, எனக்கு வைத்தது தேர்வே இல்லை. என்னை அழைத்துச் சாப்பாடு போட்டு, உட்கார வைத்து, மரியாதையாக அழிக்கப் பார்க்கிறார். கோப்பில் ஒரு பென்சில் எழுத்து பிழையாக இருந்தால் ரப்பரால் தேய்ப்பார்களே, அந்த மாதிரி. திட்டினால் பாவம் என்பதற்காக.

நான் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். திறக்கலாம் என்று பார்த்தபோது கணக்கு ஒன்று வழிமறித்தது. திறந்தால் இவ்வளவு நேரமும் நடித்தேன் என்று ஆகிறது. நடித்தவன் சொன்னதெல்லாம் பொய், அவளைப் பற்றிச் சொன்னதும் பொய். திறக்காவிட்டால் வசியம் பலித்தது என்று ஆகிறது. பலித்தால் அவளை மறந்தாக வேண்டும். பொய்யனாகப் போவதா, மறந்தவனாகப் போவதா?

அந்த நேரம் பார்த்து வாசலில், "வீட்டுக்காரர் நிக்கிறாரோ?" என்று ஒரு குரல்.

பெரியவர் எழுந்தார். "தம்பி, நான் வந்து சொல்லுமட்டும் இந்தக் கை இறங்காது. நான் சொன்னதை உள்ளுக்கை வைச்சு யோசிச்சுக்கொண்டிரும்," என்றார். அவர் செருப்புச் சத்தம் முன் ஹாலுக்குப் போனது.

அங்கே நலம் விசாரிப்பு, பிறகு நாற்காலி இழுக்கும் சத்தம், பிறகு கிள்ளானில் யாரோ ஒரு கணக்காளர் பையனைப் பற்றிய பேச்சு. நல்ல சம்பளம், நல்ல குடும்பம், உங்கட பிள்ளைக்குப் பொருத்தமாய் இருக்கும். எனக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. பெரியவரின் குரல் மட்டும்தான் கேட்கும் என்பது அவர் தபாலில் வரவழைத்த பாடத்தின் முதல் பிழை.

என் கை மேலே நின்றது.

யாரும் பார்க்கவில்லை. இறக்கிவிட்டு, செருப்புச் சத்தம் கேட்டதும் மறுபடி உயர்த்திக்கொள்ளலாம். மிகச் சுலபம். இறக்கு என்று கைக்குச் சொன்னேன். அது இறங்கவில்லை. சரியாகச் சொல்லவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். தோள்பட்டை எரிந்தது, விரல் நுனி மரத்தது, கை நின்றது. இப்போது வேண்டாம், அடுத்த நிமிஷம் இறக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நிமிஷமும் அதையே சொன்னேன். முடியாததால் இறக்காமல் இருக்கிறேனா, இறக்காததால் முடியவில்லை என்று நினைக்கிறேனா? இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் கதவும் இல்லை, சுவரும் இல்லை. நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

பின்னாளில் படித்ததையெல்லாம் இந்த அனுபவத்தோடு சேர்த்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். வசியம் செய்பவர் யாருடைய மனசுக்குள்ளும் வருவதில்லை. வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இன்ன இன்ன நடக்கிறது என்று அறிவிப்பார். உள்ளே இருப்பவன் மரியாதைக்காரனாக இருந்தால் அதை நடத்திக் கொடுத்துவிடுவான். கவனம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். என்ன நடக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பு அவனைத் தள்ளும். செய்பவன் அவனேதான். "இதை நான் செய்தேன்" என்று கையெழுத்துப் போடுகிற ஒரு குமாஸ்தா மட்டும் அந்த நேரம் மேசையில் இருக்க மாட்டான். மற்றபடி அலுவலகம் நடக்கும். கிள்ளானிலிருந்து ஃபெடரல் ஹைவேயில் பஸ் ஓட்டிக்கொண்டு வருகிறவரைக் கேளுங்கள். பாதி வழி எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. நாற்பது பயணிகளும் பத்திரமாக இருப்பார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்கு இது இன்னும் சுலபம். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பெரிய துரை சொன்னால் செய். பள்ளியில் வாத்தியார் சொன்னால் செய். ஆபீஸில் பெரியவர் சொன்னால் செய். பச்சைக் கண் ரேடியோவே தேவையில்லை.

அவள் அம்மா டம்ளர் எடுக்க வந்தார். இமைக்குக் கீழே கொஞ்சம் தெரிந்தது. என் கையைப் பார்த்ததும் நின்றார். "ஐயோ, பாவம்," என்று தனக்குள் சொல்லிவிட்டுப் போய், ஒரு தலையணை கொண்டுவந்து முழங்கைக்குக் கீழே முட்டுக் கொடுக்கப் பார்த்தார். எட்டவில்லை. இன்னொரு தலையணை கொண்டுவந்தார்.

"தம்பி, கை நோகுதோ?"

பதில் சொல்லலாமா? பெரியவர் குரல் மட்டும்தான் எனக்குக் கேட்க வேண்டும். அம்மாவின் குரல் சட்டப்படி கேட்கக்கூடாது. இமையை இறுக்கிக்கொண்டேன். அந்த அம்மா ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கும் யாரும் உத்தரவு கொடுக்கவில்லையே என்று அடக்கிக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய பயம் அதற்குப் பிறகு வந்தது. கை விஷயத்தில் அவர் சொன்னது நடந்துவிட்டது. அப்படியென்றால் மற்றது?

சோதித்துப் பார்த்தேன். அவள் முகத்தை நினைத்தேன். வந்தது. ஆனால் அலுவலக அட்டையில் ஒட்டின படம் மாதிரி வந்தது. கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. இடது பக்கமா, வலது பக்கமா? தெரியவில்லை. இரண்டு வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்த மச்சம்! அவள் சிரிப்பு எப்படி இருக்கும்? சிரிப்பாள் என்று தெரிந்தது, சிரிப்பு வரவில்லை. அவள்மேல் விருப்பம் இருக்கிறதா என்று நெஞ்சைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். தட்டுகிற சத்தம்தான் கேட்டது. மனசுக்குள் இருக்கிற ஒன்றை இருக்கிறதா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் அது ஒளிந்துகொள்ளும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. பலித்துவிட்டது, முடிந்தது என்றே நினைத்தேன்.

விருந்தாளி போனார். பெரியவர் வந்து உட்கார்ந்தார். "இப்ப கை மெதுவாய் இறங்குது," என்றார். இறங்கியது. நான் சொன்னபோது இறங்காத கை. ஐந்துவரை எண்ணி என்னைக் கண் திறக்கச் சொன்னார்.

"எப்பிடி இருக்குத் தம்பி?"

"நல்லா இருக்கு அங்கிள்."

"என்ரை மகளைப் பற்றி?"

இப்போது சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். முதல் தடவையாகச் செய்த கேக் வெந்துவிட்டதா என்று அடுப்பைத் திறந்து பார்க்கிறவரின் முகம். இவ்வளவு ஆசையோடு இருப்பவரிடம் எப்படிச் சொல்வது?

"நல்ல பொண்ணு அங்கிள்," என்றேன். "நல்லா டைப் பண்ணுவாங்க."

அன்று சாயங்காலம் கிள்ளானில் என் வாடகை அறைக்குப் போனேன். கூட இருந்த நண்பர் காப்பார் ஊர்க்காரர், லோரி ஓட்டுபவர். கதை முழுக்கக் கேட்டார்.

"டேய், ஒனக்கு பூக்காவ் போட்டுட்டாருடா," என்றார். பாசார்ச் சந்தையில் யாரோ தோளில் தட்டினால் பெண்கள் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுவார்களே, அதற்கு எங்கள் பக்கம் எல்லாரும் சொல்லும் மலாய்ப் பெயர் அது. "தோள்ல தட்டினாரா?"

"இல்ல. ரேடியோவப் பாக்கச் சொன்னாரு."

"ரேடியோவுலயே போட்டுட்டாரா! படிச்சவங்க லா." எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டுக் குளிக்கச் சொன்னார். நூலகப் புத்தகத்தைப் படித்த நான், விஞ்ஞானத்தில் நம்பிக்கை உள்ள நான், குளித்தேன்.

மறுநாள் கேன்டீனில் அவள் என் முன்னால் வந்து உட்காரவில்லை. நின்றாள்.

"'நல்லா டைப் பண்ணுவாங்க'ன்னா சொன்னீங்க?"

"உண்மைதானே."

"நேத்து சாப்பாட்டுல அப்பா சொல்றாரு, அந்தப் பெடியனுக்கு உன்னிலை ஒரு விருப்பமும் இல்லைப் பிள்ளை, நான் உள்ளை போய்ப் பாத்தனான், அப்பிடிங்கறாரு. கிள்ளான்ல ஒரு அக்கவுண்டண்டு பையன் இருக்கானாம். வர்ற மாசம் பாக்க வர்றாங்களாம்."

நடந்ததையெல்லாம் சொன்னேன். கண்ணைத் திறக்க முடியாமல் போனது, கை, தலையணை. அதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மை பேசுவது நல்லது என்று நினைத்து, மச்சம் எந்தப் பக்கம் என்று மறந்துபோனதையும், நெஞ்சைத் தட்டிப் பார்த்ததையும் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். மச்சம் இடது பக்கம் இருந்தது.

"இப்ப இருக்கா, இல்லையா?"

"இருக்குன்னுதான் நெனைக்கிறேன்."

எத்தனையோ புத்தகம் படித்தவன் சொல்கிற பதிலா அது! அவள் திரும்பிப் போய்விட்டாள். அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்த சுற்றறிக்கை, என் பிழைகள் ஒன்றுவிடாமல், அப்படியே தட்டச்சாகி மேலதிகாரியின் மேசைக்குப் போனது. அந்த வாரம் முழுக்க அப்படித்தான். அந்தப் பிழைகளைப் படிக்கப் படிக்க, அவள் சொல்லாமலே திருத்திவந்த இரண்டு வருஷமும் எனக்குத் தெரிந்தது. விருப்பம் எங்கே இருக்கிறது என்று நான் நெஞ்சில் தேடியிருக்கக்கூடாது. அது வேறு இடத்தில் இருந்திருக்கிறது. புதன்கிழமை அவள் மேசைக்குப் போய் இதைச் சொன்னேன். அவள் தட்டச்சை நிறுத்தாமல், "இத எங்க வீட்டுல சொல்லணும்," என்றாள்.

அங்கே என்ன நடந்தது என்று அவள் பிறகு சொல்லித்தான் தெரியும். அப்பாவிடம் போய், "உங்கட வசியம் உண்மைதானே அப்பா?" என்று கேட்டிருக்கிறாள். உண்மைதான் என்றிருக்கிறார். "அப்ப எடுக்கிறதுக்கு அந்த மனுசனிட்டை ஏதோ இருந்திருக்குத்தானே? இல்லாததை எப்பிடி எடுத்தனீங்கள்?" அவர் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். "நல்லா இருந்த மனுசனைப் பழுதாக்கிப்போட்டியள். ஆபீஸிலை பேய் பிடிச்ச மாதிரி இருக்கிறார். எடுத்ததைத் திருப்பி வையுங்கோ. வைச்சாப் பிறகு அவருக்கு என்னை வேண்டாமெண்டால், நான் கிள்ளானுக்குத் தலையை ஆட்டுறன்."

முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அவரிடம் மறுப்பு இல்லை. வசியம் பொய் என்று சொன்னால் தப்பலாம். அதைச் சொல்ல அவருக்கு நாக்கு வராது. பாவம், அவரும் ஒரு கையை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறு ஞாயிறு மறுபடி அதே நாற்காலி, அதே பச்சைக் கண். இந்தத் தடவை சாப்பாட்டுக்கு முன்னால். அவள் வீட்டில்தான் இருந்தாள். சமையலறைக் கதவு வரை வந்து நின்றுவிட்டு உள்ளே போனாள்.

கண் மூடினேன். கை உயர்ந்தது. இந்தத் தடவை இடைவெளி விட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் போய் நின்றது.

"கண் திறக்கேக்கை, என்ரை மகளிலை உமக்கு…" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "என்ரை மகளிலை…" மறுபடி நிறுத்தினார். இந்தத் தடவை முதல் படியும் முடியவில்லை, கார்பன் காப்பியும் முடியவில்லை.

"நீர் நல்ல பெடியன்," என்றார் கடைசியில், வேறு குரலில். சொல்லிக் கொடுக்கிற குரல் போய்விட்டது. "அதுதான் கரைச்சல். கெட்ட பெடியனெண்டால் எனக்குச் சுகம். நாளைக்குச் சங்கத்திலை என்னட்டைக் கேப்பினம். தோட்டத்து ஆக்களிட்டையோ பிள்ளையைக் குடுத்தனீர் எண்டு கேப்பினம். நான் மேடையிலை பேசினதை எல்லாம் எனக்கே திருப்பிச் சொல்லிச் சிரிப்பினம். என்ன சொல்லுறது நான்? எனக்கு வெக்கமாய் இருக்கு. வெக்கப்படுறதுக்கும் வெக்கமாய் இருக்கு." மூச்சு விட்டார். "இதைக் கண் திறந்திருக்கிற ஆளுக்குச் சொல்ல ஏலாது. அதுதான் உமக்குச் சொல்லுறன்."

அதற்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது திருட்டு. கண்ணைத் திறந்தேன்.

இவ்வளவுதானா என்று இருந்தது. இமை இரண்டும் ஒரு எடையும் இல்லாமல் திறந்துகொண்டன. அவர் தலை குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"நான் இன்னும் எண்ணேல்லையே!"

"தெரியும் அங்கிள். நான் அவங்கள மறக்கல. போன வாரமும் மறக்கல. முழிச்சுத்தான் இருந்தேன்."

அவர் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. தப்பான விடைக்கு மதிப்பெண் போட்டுவிட்டோம் என்று தெரிந்த வாத்தியாரைப் போல, என் முகத்தை விட்டுக் கையைப் பார்த்தார். அது இன்னும் மேலே நின்றுகொண்டிருந்தது.

"அப்ப, இந்தக் கை?"

நானும் அதைப் பார்த்தேன். "அதான் அங்கிள் எனக்கும் வெளங்கல. எறக்கச் சொல்றேன், வரமாட்டேங்குது."

"விளையாடாதையும்."

"சத்தியமா."

எழுந்து வந்தார். மணிக்கட்டைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. "இறங்குது," என்றார், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில். "மெதுவாய் இறங்குது." அது இறங்கி மடியில் உட்கார்ந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப நான் உள்ளுக்கை வந்தனானோ, இல்லையோ?"

"கொஞ்ச தூரம் வந்தீங்க அங்கிள்."

"எவ்வளவு?"

"கை வரைக்கும்."

யோசித்தார். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அவர் மீசைக்குக் கீழே வந்து, அங்கீகாரம் கிடைக்காமல் திரும்பிப் போனது. ரேடியோவை அணைத்தார். பிறகு உள்ளே பார்த்து, "பிள்ளை," என்று கூப்பிட்டார். அவள் அவ்வளவு சீக்கிரம் வந்ததிலிருந்து கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள் என்று தெரிந்தது. "தம்பியின்ரை அப்பா அம்மாவை ஒரு நாளைக்கு வரச் சொல்லு," என்றார். என்னிடம் சொல்லவில்லை, அவளிடம் சொன்னார். என்னிடம் நேராகச் சொல்ல அவருக்கு இன்னும் கொஞ்சம் காலம் தேவைப்பட்டது.

கல்யாணம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. பந்திங்கிலிருந்து எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு பஸ் நிறைய வந்து, முன்வரிசையில் உட்காரத் தயங்கிப் பின்னால் உட்கார்ந்தார்கள். அவர் பக்கம் வந்தவர்கள் குறைவு. நடுவில் நான்கைந்து வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தன. அவர் முழுக்கைச் சட்டையோடு, அந்தக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, வருகிறவர்களை வரவேற்றார்.

சங்கத்துப் பெரியவர் ஒருவர் மேடைக்கு வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் காதில் விழும்படியாகவே அவள் அப்பாவிடம், இப்போது என் மாமாவிடம், கேட்டார். "என்ன காணும், கடைசியிலை இப்பிடிச் செய்துபோட்டீர்? ஆரெண்டு விசாரிச்சனீரோ?"

நான் மாமாவைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குத்தான் அவர் அத்தனை நாளும் பயந்தார் என்பது இந்த உலகத்தில் எனக்கும் கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கும் மட்டும் தெரியும்.

அவர் தயங்கவில்லை. "மற்றவை வெளியிலை விசாரிப்பினம்," என்றார், மேடைக் குரலில். "நான் பெடியன்ரை மனசுக்கு உள்ளை போய்ப் பாத்தனான். சுத்தமாய் இருக்கு."

கேட்டவர் வாயடைத்துப் போனார். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்ல, செய்தி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. போகிற வழியில் அது வளர்ந்திருக்க வேண்டும். பின்னால் இருந்த பந்திங் ஆட்கள் வரை எட்டியபோது என் அம்மா எழுந்து நின்று, என் மகனுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தாள். மண்டபமே என்னைப் பார்த்தது. சோதனைக்கூடத்திலிருந்து முத்திரை குத்தி வந்த பாட்டிலைப் பார்ப்பதுபோல. சுத்தமான மனசு உள்ளவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வான்? எனக்குத் தெரிந்த ஒரு முகத்தையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. மாலை கழுத்தை அறுத்தது. இனி ஆயுசுக்கும் இந்த மனுஷர் எங்கே போனாலும் இதைத்தான் சொல்லப்போகிறார், நானும் அதற்கு ஏற்றபடி நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஏன் இப்படி முழிக்கிறீங்க?" என்றாள் அவள் உதடு அசையாமல். "எல்லாரும் பாக்கறாங்க. சிரிங்க."

சிரித்தேன்.